கார்ப்பெட்டை நனைப்பதற்கு முன்

கார்ப்பெட் அழுக்காகிவிட்டது என்றதும் கை முதலில் போவது பக்கெட்டுக்கும் சோப்புத்தூளுக்கும்தான். கேடு அங்கேதான் தொடங்குகிறது. கார்ப்பெட்டில் சேரும் அழுக்கில் பெரும்பகுதி காய்ந்த மண், தூசி, முடி, தோல் செதில். ஈரம் படாதவரை அது உதிர்ந்து வந்துவிடும். நனைந்துவிட்டால் சேறாகி இழைகளின் அடியில் போய் அப்பிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு தேய்த்தாலும் மேல்பரப்பு மட்டும்தான் வெளுக்கும். அதனால் இங்கே தண்ணீர் கடைசியாகத்தான் வரும். முதலில் கார்ப்பெட் எதனால் ஆனது என்று பாருங்கள். பிறகு தூசி, பிறகு கறை. கழுவுவது எல்லாவற்றுக்கும் பிறகு.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது

ஒரு மூலையைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்துச் சித்திரம் பின்பக்கமும் அப்படியே தெரிந்து, சின்னச் சின்ன முடிச்சுகள் வரிசை பிடித்திருந்தால் அது கையால் முடிச்சுப் போட்டது. அதன் ஓரக் குஞ்சம் தனியாகத் தைத்ததாக இருக்காது, உள்ளே நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் மிச்சமாகவே இருக்கும். காஷ்மீரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாப்பூர் பக்கத்திலிருந்தும் வருபவற்றில் இந்த வகை உண்டு. பின்பக்கம் முழுக்க ஒரு கெட்டித் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட் வகை. இழைகளை லேடக்ஸ் பசைதான் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பசைக்கு வயதானால் மாவாக உதிரும், ரப்பர் நாற்றம் வரும். அப்படி உதிரத் தொடங்கிய கார்ப்பெட்டைத் தண்ணீரில் போட்டால் துணி தனியாக, இழை தனியாகக் கழன்று வரும். பின்பக்கம் விறைப்பாக, சணல் நூல் வரிசை நேர்க்கோடாக ஓடினால் இயந்திரத்தில் நெய்தது. கடைகளில் அதிகம் விற்பது இதுதான்.

அடுத்தது இழை. பின்பக்க ஓரத்திலிருந்து மூன்று நான்கு இழைகளை வெட்டி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, தீ தானாக அணைந்து, கரி விரலில் பொடிந்தால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாடையும் மெத்தென்ற சாம்பலும் என்றால் பருத்தி, சணல் அல்லது விஸ்கோஸ். உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் செயற்கை இழை. செயற்கை இழையிலும் பாலிப்ரொப்பிலீனைப் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. எரிக்காத ஓர் இழையைச் சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழை விரலால் நீக்கிவிட்டு விடுங்கள். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட லேசானது, மேலே மிதந்து வரும். பாலியஸ்டரும் நைலானும் மூழ்கும்.

ஒரே ஒரு வகையிடம் மிகவும் எச்சரிக்கை வேண்டும். பட்டைப் போல மின்னும், 'ஆர்ட் சில்க்', 'பாம்பூ சில்க்' என்ற பெயரில் விற்பார்கள், எரித்தால் காகித வாடை வரும். அது விஸ்கோஸ். நனைந்தால் அந்த இழையின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஈரத்தில் ஒருமுறை தேய்த்தாலே மினுமினுப்பு போய், இழை சொரசொரத்து, மஞ்சள் பாய்ந்துவிடும். பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. விஸ்கோஸுக்கு வீட்டில் செய்யக்கூடியது தூசி எடுப்பதும் சிந்தியதை உடனே ஒற்றி எடுப்பதும் மட்டுமே. சணல் கார்ப்பெட்டும் ஏறக்குறைய அப்படித்தான். தண்ணீர் பட்டு மெதுவாகக் காய்ந்தால் பழுப்பு வளையம் விழும்.

தூசி: வாரம் ஒருமுறை, இரண்டு பக்கமும்

மணல் துகளுக்குக் கூர்முனை உண்டு. அதன்மேல் நடக்கும்போதெல்லாம் அது இழையை அறுக்கிறது. சோபாவிலிருந்து டிவி வரை, கதவிலிருந்து கட்டில் வரை கார்ப்பெட்டில் ஒரு மங்கிய பாதை விழுகிறதே, அதில் பாதி அழுக்கு, மீதி தேய்மானம். அழுக்கைக் கழுவலாம், தேய்ந்த இழை திரும்ப வராது. தூசி எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

வாக்குவம் கிளீனரை வேகமாக முன்னும் பின்னும் ஓட்டினால் மேலே கிடக்கும் முடி மட்டும்தான் வரும். ஒரு கைநீளத்துக்கு நான்கைந்து விநாடி எடுத்து மெதுவாக இழுங்கள். முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில், கடைசியாக இழை படுத்திருக்கும் திசையில். சுழலும் பிரஷ், கட்டையாக வெட்டிய இழையுள்ள செயற்கைக் கார்ப்பெட்டுக்கு மட்டும் சரி. நீள இழையுள்ள ஷேகி, வளைய இழை, கையால் முடிச்சுப் போட்ட கம்பளி, ஓரக் குஞ்சம் இவற்றுக்குப் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு உறிஞ்சல் மட்டும் போதும். குஞ்சம் பிரஷ்ஷில் சுற்றினால் பாவு நூலே உருவிக்கொண்டு வரும். பை முக்கால் நிறைந்ததும் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உறிஞ்சும் பலம் குறையும்.

மாதம் ஒருமுறை கார்ப்பெட்டைக் குப்புறப் போட்டுப் பின்பக்கத்தில் வாக்குவம் ஓட்டுங்கள். ஓட்டும் அதிர்வில் அடியில் சிக்கிய மணல் தரையில் உதிரும். திருப்பிப் பார்த்தால் தரையில் நைசான மண் ஒரு படலமாகக் கிடக்கும். அதைப் பெருக்கிவிட்டு, மறுபடி முன்பக்கம் ஒருமுறை ஓட்டுங்கள். படலம் விழாத அளவுக்குக் குறையும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

வாக்குவம் இல்லாத வீட்டில், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் கார்ப்பெட்டைப் போட்டு, பின்பக்கத்திலிருந்து தட்டையான எதனாலாவது தட்டுங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். டஃப்டட் வகையைத் தட்டக் கூடாது, பசை வெடிக்கும். தென்னந்துடைப்பம் வளைய இழைகளை இழுத்துவிடும். பூந்துடைப்பம் தூசியைக் கிளப்பி வேறு இடத்தில் உட்கார வைக்கும். இரண்டுக்கும் பதில் நைலான் முள் பிரஷ் நல்லது.

நம் வீடுகளில் தினமும் தரை துடைப்பதால் வரும் ஒரு சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. ஃபினைல் கலந்த தண்ணீரில் மாப்பை நனைத்து கார்ப்பெட்டின் ஓரம்வரை துடைப்பார்கள். அந்த அழுக்குத் தண்ணீர் ஓரத்தில் ஏறும். சில மாதங்களில் நான்கு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்த கரை விழுந்திருக்கும், அடிப்பக்கச் சணலில் மக்கிய வாடையும் வரும். துடைப்பதற்கு முன் கார்ப்பெட்டைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். தரை நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப விரியுங்கள். வீட்டு வேலைக்கு வருபவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கார்ப்பெட்டைத் தலைமாற்றிப் போட்டால் நடைபாதையும் வெயிலும் ஒரே பக்கத்தில் விழாது. புதுக் கம்பளிக் கார்ப்பெட் முதல் சில மாதங்கள் பஞ்சாக உதிர்வது இயல்பு. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நூலைப் பிடித்து இழுக்காதீர்கள், கத்தரியால் மட்டமாக வெட்டுங்கள்.

எதைப் போட்டுத் துடைப்பது: மஞ்சள் சோதனை

கம்பளிக்கும் பட்டுக்கும் காரம் ஆகாது. சோப்புத்தூளும் பாத்திரம் விளக்கும் கட்டியும் காரமானவை. இழையை வறட்டி, சாயத்தைக் கிளப்பிவிடும். உங்களிடம் உள்ள திரவம் காரமா இல்லையா என்று பார்க்க சமையலறையே போதும். வெள்ளைக் காகிதத்தில் ஈர மஞ்சளைத் தடவிக் காயவையுங்கள். திரவத்தைத் தண்ணீரில் கலந்து அதன்மேல் ஒரு சொட்டு விடுங்கள். சிவந்தால் காரம், கம்பளிப் பக்கம் போகக் கூடாது. மஞ்சளாகவே இருந்தால் பயன்படுத்தலாம். பாத்திரம் விளக்கும் திரவங்களில் காரமில்லாதவை உண்டு, கம்பளி உடைக்கென்று விற்கும் திரவமும் சரி.

அளவு: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. இது குறைவாகத் தோன்றும். கூடுதலாக ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அலசப்படாமல் இழையில் தங்கும் சோப்பு பிசுபிசுத்து, நடக்கும் காலின் தூசியை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். துடைத்த இடமே பத்து நாளில் மற்ற இடத்தைவிடக் கறுப்பது இதனால்தான்.

எந்தத் திரவத்தையும் முதலில் சோபாவுக்கு அடியில் போகும் மூலையில் சோதியுங்கள். அதில் நனைத்த வெள்ளைத் துணியை அந்த இடத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் சாயம் ஏறினால் அந்தக் கார்ப்பெட்டை வீட்டில் நனைக்கவே வேண்டாம்.

பிளீச்சிங் கரைசல் கம்பளியைக் கரைத்துவிடும். அதைக் கழிவறை கழுவும் அமிலத்துடனோ, அம்மோனியா உள்ள எதனுடனோ, சிறுநீர் பட்ட இடத்திலோ சேர்த்தால் நச்சு வாயு வரும். கார்ப்பெட் வேலையில் அதற்கு இடமே இல்லை.

கறை

சிந்தியது திடப்பொருளாக இருந்தால் கரண்டியால் வெளியிலிருந்து உள்நோக்கி வழித்தெடுங்கள். திரவமாக இருந்தால் வெள்ளைப் பருத்தித் துணியை மேலே வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள், துணியை மாற்றி மாற்றி, ஈரம் ஏறுவது நிற்கும்வரை. தேய்க்க வேண்டாம். தேய்த்தால் கறை பரவுவதோடு இழைமுனையும் பிரிந்துவிடும். கறை போன பிறகும் அந்த இடம் மங்கலாகவே தெரியும். பிறகு மேலே சொன்ன கரைசலில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றுங்கள், வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை ஒற்றுங்கள், கடைசியாக உலர்ந்த துணி. எந்தக் கட்டத்திலும் கார்ப்பெட்டின்மேல் நேராக ஊற்றக் கூடாது.

சுத்தமாகப் போய்விட்டது என்று நினைத்த கறை மறுநாள் காலையில் திரும்பி வந்து நிற்கும். கீழே அடித்துணிவரை இறங்கியிருந்த கறை, மேலே காயக் காய, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல இழைவழியே ஏறிவிட்டது என்று பொருள். இதற்கு மருந்து சோப்பு அல்ல. அந்த இடத்தை லேசாக ஈரப்படுத்தி, நான்காக மடித்த வெள்ளைத் துண்டை வைத்து, மேலே ஒரு பாலிதீன் தாள், அதன்மேல் கனமான புத்தகங்கள். இரவு முழுக்க விடுங்கள். ஏறி வரும் கறை இழைமுனையில் நிற்காமல் துண்டுக்குப் போய்விடும்.

சாம்பார், குழம்பு கொட்டினால் இரண்டு எதிரிகள்: எண்ணெயும் மஞ்சளும். வழித்து, ஒற்றி எடுத்தபின் சோளமாவைக் கெட்டியாகத் தூவி அரை மணி நேரம் விட்டு வாக்குவத்தில் எடுங்கள். மாவு எண்ணெயைக் குடித்திருக்கும். பிறகு காரமில்லாத கரைசல். இங்கே சோப்புக்கட்டியை எடுத்தால் மஞ்சள் சட்டென்று செங்காவியாகும். பயந்து இன்னும் சோப்பு போடுவார்கள், இன்னும் சிவக்கும். அப்படி ஆகிவிட்டால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றுங்கள், மஞ்சளுக்குத் திரும்பும். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துணியின் முனையை நனைத்து ஒற்றினால் துணிக்கு ஏறிவரும். ஸ்பிரிட் அடித்துணிவரை இறங்கினால் லேடக்ஸைக் கெடுக்கும் என்பதால் துணி சொட்டக் கூடாது; அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கக் கூடாது. எஞ்சியதை வெயில் பார்த்துக்கொள்ளும். வெளிச்சத்தில் மஞ்சள் சிதையும். கறை பட்ட இடத்தை மட்டும் திறந்துவிட்டு, சுற்றிலும் கெட்டித் துணியால் மூடி, இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் வையுங்கள். மூடாமல் வைத்தால் கார்ப்பெட்டின் சாயமும் சேர்ந்து வெளுக்கும்.

குங்குமம், விபூதி, கோலப்பொடி கொட்டினால் ஈரக் கையால்கூடத் தொடாதீர்கள். முதலில் வாக்குவம், பலமுறை. காபிக்கும் டீக்கும் உடனே ஒற்றி, வினிகர் கரைசல். இரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும். வெந்நீர் அதை உறைய வைக்கும். பேனா மைக்கு ஸ்பிரிட். மெழுகு, சூயிங் கம் இரண்டையும் ஐஸ் வைத்து இறுகச் செய்து உடைத்தெடுங்கள். மெழுகின்மேல் காகிதம் வைத்து இஸ்திரி போடும் முறை பாலிப்ரொப்பிலீனுக்கு ஆகாது, இழையே உருகிவிடும்.

குழந்தை சிறுநீர் கழித்தால் உடனே ஒற்றி, குளிர்ந்த தண்ணீரால் பலமுறை ஒற்றி எடுங்கள், பிறகு வினிகர் கரைசல். செயற்கை இழைக்கு என்ஸைம் உள்ள திரவம் நன்றாக வேலை செய்யும். கம்பளிக்கும் பட்டுக்கும் அது வேண்டாம். புரதத்தைச் செரிக்கும் என்ஸைமுக்குக் கம்பளியும் புரதம்தான். அடித்துணிவரை ஊறிப்போனால் மேலே துடைப்பதில் பயனில்லை, முழுக்கக் கழுவ வேண்டும்.

முழுக்கக் கழுவுவது

வீட்டில் கழுவத் தகுந்தது சாயம் போகாத, செயற்கை இழையில் இயந்திரத்தில் நெய்த கார்ப்பெட். அதுவும் 4 அடிக்கு 6 அடி வரை. அதற்கு மேல் போனால் நனைந்த எடையைத் தூக்கவும் முடியாது, நேரத்துக்குக் காயவைக்கவும் முடியாது. 24 மணி நேரத்துக்குள் காய வேண்டும். இரண்டு நாள் தாண்டினால் அடிப்பக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மாசி, பங்குனி நல்லது. காலை ஏழு மணிக்குள் நனைத்துவிட்டால் பகல் முழுக்கக் கையில் இருக்கும்.

1. முன்பக்கமும் பின்பக்கமும் தூசி எடுங்கள். இதைத் தாண்டிப் போனால் மற்ற எல்லாம் வீண்.

2. மொட்டைமாடியைக் கழுவிவிட்டு, சரிவான பக்கத்தில் கார்ப்பெட்டை விரியுங்கள். இழை படுத்திருக்கும் திசை சரிவை நோக்கி இருக்கட்டும். ஹோஸ் பிடித்து ஒரே சீராக நனையுங்கள்.

3. பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி திரவம் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் இழையின் திசையில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் இழை முறுக்கிக்கொள்ளும். நடைபாதை விழுந்த இடத்தில் கரைசலைப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேயுங்கள்.

4. அலசுங்கள். ஓடிவரும் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள், நுரையும் நிறமும் இருக்கும்வரை நிறுத்த வேண்டாம். கழுவும் நேரத்தைவிட அலசும் நேரம் இரண்டு மடங்காவது ஆகும்.

5. தரை தள்ளும் வைப்பரை அழுத்தி, இழையின் திசையில் தண்ணீரைத் தள்ளுங்கள். தண்ணீர் வருவது நின்றாலும், ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பத் தள்ளினால் இன்னும் வரும். இங்கே நன்றாகத் தள்ளிவிட்டால் காயும் நேரம் பல மணி குறையும்.

6. நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, முதலில் பின்பக்கம் மேலே இருக்கும்படி விரியுங்கள். கீழே காற்று ஓடும், சாயமும் வெயிலில் அடிபடாது. கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் கனத்தில் நடு இழுபட்டு, விரித்தால் தரையில் படியாமல் அலையலையாக நிற்கும்.

7. மேலே தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடைசியாகக் காய்வது அடித்துணியும் தைத்த ஓரமும். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கார்ப்பெட்டின்மேல் அரை மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். உள்ளே ஆவி படிந்தால் இன்னும் காயவில்லை.

ஜமக்காளம்

இழை எழும்பாத விரிப்பு என்பதால் இது எளிது. உதறினாலே பாதி சுத்தம். சிவப்பும் நீலமும் பச்சையும் பட்டை போட்ட பவானி ஜமக்காளத்தில் பருத்தியில் நெய்தது ஒரு வகை, ஊடைக்கு, அதாவது குறுக்கு நூலுக்கு, செயற்கைப் பட்டு (விஸ்கோஸ்) போட்டது இன்னொரு வகை. மேலே சொன்ன எரித்துப் பார்க்கும் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது, இரண்டுமே காகித வாடைதான். மினுமினுப்பும் வழவழப்பும் இருந்தால் செயற்கைப் பட்டு என்று கொண்டு அதை ஊறவைக்காதீர்கள். பருத்தி ஜமக்காளத்தை முதல் இரண்டு மூன்று முறை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், ஊறவிடாமல் அலசி, நிழலில் உடனே விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் ஒரு பட்டையின் சாயம் அடுத்த பட்டையில் இறங்கும். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று நம்பி எல்லாவற்றோடும் சேர்த்து ஊறவைக்க வேண்டாம். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இருந்தால் கார்ப்பெட்டுக்குப் பதில் அடிக்கடி துவைக்க முடிகிற ஜமக்காளமே நல்ல தேர்வு.

பூச்சியும் சுருட்டி வைப்பதும்

கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சி, கார்ப்பெட் வண்டு இரண்டின் புழுக்களும். வெளிச்சமும் காலடியும் படாத இடத்தில்தான் இருக்கும்: சோபாவுக்கு அடியில், பீரோ ஓரத்தில். அங்கே வழுக்கை விழுந்தது போல இழை குறைந்திருந்தாலோ, மணல் போன்ற துகள், வெள்ளை நூலாம்படை தெரிந்தாலோ உடனே வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் வாக்குவம் போட்டு, பையை வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். கார்ப்பெட் கிடந்த தரையின் இடுக்குகளையும் விடாதீர்கள். நாஃப்தலின் உருண்டையின் ஆவி கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது, குழந்தை படுக்கும் அறையில் வைக்கவே கூடாது.

எடுத்து வைக்கும் முன் தூசி, கறை, ஈரம் மூன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். மடித்தால் பசையும் பாவும் மடிப்பில் உடையும்; ஒரு பிவிசி குழாயில் சுருட்டி, பழைய பருத்தி வேட்டியால் சுற்றுங்கள். பாலிதீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தரையிலும் சுவரோரத்திலும் சாய்த்து வைக்காதீர்கள், சணலும் பருத்தியும் கரையானுக்கு நல்ல தீனி. பரணிலோ பலகைமேலோ படுக்கவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து அரை நாள் காற்றாட விடுங்கள்.

வெளியே கொடுக்கும்போது

கையால் முடிச்சுப் போட்டது, பட்டு, விஸ்கோஸ், பழைய டஃப்டட், பெரிய கார்ப்பெட் இவற்றை வெளியேதான் கொடுக்க வேண்டும். சோபா ஷாம்பூ போடும் அதே ஆள், அதே திரவத்தைக் கொண்டுவந்தால் அனுமதிக்காதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். இது என்ன இழை என்று அவராகச் சொல்கிறாரா? நனைக்கும் முன் தூசி எடுப்பாரா, சாயம் சோதிப்பாரா? எத்தனை மணி நேரத்தில் காயும், எங்கே காயவைப்பார்? வீட்டிலேயே இயந்திரத்தால் தண்ணீரைப் பீய்ச்சி உறிஞ்சும் முறையில் நன்றாகச் செய்தால் மாலைக்குள்ளோ, இரவு மின்விசிறி ஓடி மறுநாள் காலைக்குள்ளோ காய்ந்துவிடும். இரண்டு நாள் ஆகும் என்று சாதாரணமாகச் சொன்னால் உறிஞ்சும் பலம் இல்லாத இயந்திரம் என்று பொருள், வேறு ஆளைப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் நான்கு மூலையையும் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் அவர் போவதற்கு முன்பே பிரித்து, அடிப்பக்கத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை இருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.